வராட்டிச் சோத்துக்குத் தண்ணி ஊத்தும்

அன்பு மச்சாள் திலகம்,

உமக்கு நான் கடிதம் எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் நின்றவர்களுக்கு என்ன கடிதம்? ஆனால் போன கிழமை உம்முடைய ஆட்டைத் திவசம் முடிந்தது. நீர் போய் ஒரு வருடம். வந்த சனமெல்லாம் சாப்பிட்டுப் போனபிறகு, உமக்குச் சொல்ல இவ்வளவு சேதி கிடக்கிறதே என்று நெஞ்சு முட்டிப்போயிற்று. அதுதான் எழுதுகிறேன். ஊராரும் வாசிக்கட்டும். உம்மைக் 'கரிநாக்கு' என்று சொன்ன சனம் கட்டாயம் வாசிக்கட்டும்.

அந்தப் பேர் சும்மா வரவில்லைத்தானே? எங்கள் ஊரில் நல்ல காரியம் தொடங்கும்போது யாரும் கெட்டதைக் கதைக்கமாட்டார்கள். கதைத்தால் பலித்துவிடும் என்று பயம். வாசலைத் தாண்டும்போது 'போறன்' என்றுகூடச் சொல்லமாட்டோம், 'போட்டு வாறன்' என்போம். நீர் மட்டும் நடுவில் நின்று கேட்பீர். மகளுக்கு விசா வரவேண்டும் என்று நான் கோயிலுக்கு நேர்த்தி வைத்தால், "வராட்டி?" உம்முடைய அண்ணை, அதுதான் என்னுடைய மனிசன், வானத்தைப் பார்த்து மழை வரும் என்றால், "வராட்டி?" மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சேதி வந்தபோதும் அதே "வராட்டி?" நான் "தூ! வாயைக் கழுவும்!" என்று துப்புவேன். நீர் சிரிப்பீர்.

சண்டைக் காலத்தில் சாவகச்சேரி நீதிமன்றத்துக்குத் தட்டச்சு வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து, வெளிக்கிடும்போது நீர் சொல்வதும் ஒன்றுதான். "போட்டு வாறன் மச்சாள். வராட்டிச் சோத்துக்குத் தண்ணி ஊத்தும்." உமக்கென்று எடுத்து வைத்த சோறு பழுதாகக்கூடாதாம். பஸ் வருமா வராதா என்று தெரியாத காலத்துப் பழக்கம். சண்டை முடிந்து, நீர் பென்சன் எடுத்து, கடைக்குச் சீனி வாங்கப் போனாலும் விடவில்லை.

பென்சன் எடுத்தபோது கூட வேலை செய்தவர் ஒருவர் உமக்கு ஓர் ஆங்கிலப் புத்தகம் தந்தார். அதில்தான் அந்த ஸ்டோயிக் ஆட்களைக் கண்டுபிடித்தீர். பழைய கிரேக்க தேசத்து மனிதர்கள், சந்தைக்குப் பக்கத்து மண்டபத்தில் தூணடியில் நின்று தத்துவம் பேசியவர்கள் என்று வாசித்துக் காட்டினீர். அண்ணை தோட்டத்திலிருந்து வந்த களைப்போடு கேட்டார்: "சந்தையடியிலை நிண்டு கதைச்சவங்களோ? அப்ப உவங்கள் எங்கடை சுன்னாகச் சந்தை ஆக்கள்தான்."

எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. கல்லு மனம் படைத்தவர்கள் என்று நினைத்தேன். எது எங்கள் கையில், எது இல்லை என்று பிரித்துப் பார்க்கவேண்டுமாம். வரக்கூடிய கெட்டதை வருவதற்கு முன்பே ஒருதரம் நினைத்துப் பார்க்கவேண்டுமாம். "இதென்ன விசர்க்கதை?" என்று கேட்டேன். நீர் சொன்னீர்: "மச்சாள், படலைக்கு வெளியிலை நாய் குலைக்குது. நீர் விடிய விடிய உள்ளுக்கை இருந்து நடுங்கிறீர். திறந்து பாரும். கட்டின நாயாவும் இருக்கும். கடிச்சால் மருந்து போடுவம்." நான் படலையைத் திறக்கிற ஆளில்லை என்று உமக்குத் தெரியும்.

நீர் இருந்த கடைசி மாரியில் ஒரு காற்று வந்து, நீர்வேலித் தோட்டத்தில் குலை போட்ட வாழை எல்லாவற்றையும் படுக்கவைத்தது நினைவிருக்கிறதா? நான் வரம்பில் இருந்து தலையில் அடித்து அழுதேன். நீர் பக்கத்தில் குந்தி, "காத்து எங்கடை சொல்லுக் கேளாது. வாழைக்குட்டியளைப் பாரும், ஒண்டும் முறியேல்லை" என்றீர். "இப்ப தத்துவம் கதைச்சீரெண்டால் உம்மையும் வாழையோடை சேர்த்துத் தாட்டுப்போடுவன்" என்றேன். "சரி, அழும். அழுது முடியக் கூப்பிடும்" என்று, விழுந்த மரங்களில் பூப்பொத்தி முறிக்கப் போய்விட்டீர். அன்றைக்கு மத்தியானம் வாழைப்பொத்தி வறை. அந்தக் குட்டிகள் எல்லாம் இப்போது குலை போட்டுவிட்டன, தெரியுமா?

பிறகு நெஞ்சு நோகிறது என்று ஓட்டோவில் ஏறினீர். ஏறும்போதும் அதையேதான் சொன்னீர். நான் "வருவீர், வாயை மூடும்" என்றேன். பொழுதுபட்டும் நீர் வரவில்லை, சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். விடியச் சேதி வந்தது. அந்தச் சட்டியைத் தொட்டுச் சாப்பிடவும் முடியவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. கடைசியில் மாட்டுக்கு வைத்தேன். 'சாவு எங்கடை கையிலை இல்லை' என்று உம்முடைய கிரேக்கர் யாராவது அன்றைக்கு வந்து சொல்லியிருந்தால் விளக்குமாற்றால் அடித்திருப்பேன். அதற்குப் பிறகு சோறு மிஞ்சாமல் அளந்துதான் உலை வைத்தேன்.

சரி, சேதிக்கு வருகிறேன். உம்முடைய அண்ணையின் குரல் அடைத்துக்கொண்டது. கோயிலில் அவர் பதிகம் படித்தால் மைக் இல்லாமலே அடுத்த ஒழுங்கைக்குக் கேட்குமே, அந்தக் குரல். முதலில் சளித் தடிமன் என்றோம். கற்பூரவள்ளி, மிளகுத் தண்ணி எல்லாம் பார்த்தோம். கரகரப்பு மாறவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டைக்குள் ஒரு கட்டி என்றார்கள். துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரச் சில கிழமை ஆகும் என்றார்கள்.

மச்சாள், அந்தக் கிழமைகள்! வருகிற சனமெல்லாம் "ஒண்டுமிராது, ஒண்டுமிராது" என்று சொல்லிவிட்டு, படலையடியில் என்னைக் கூப்பிட்டு "அந்த வருத்தமோ?" என்று குசுகுசுக்கும். ஒருவர் வாயிலும் அதன் பேர் வரவில்லை. நானும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து புட்டைப் பிசைந்துகொண்டு, மழையைப் பற்றிக் கதைத்தோம். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

ஒரு மத்தியானம் அவர் தோட்டத்திலிருந்து சாப்பிட வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மூடி வைத்த சோற்றைப் பார்த்தபடி நின்றேன். என்னை அறியாமலே கை செம்புக்குப் போயிற்று. சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் பார்க்கிறேன்! உம்முடைய குரல் கேட்டதென்று பொய் சொல்லமாட்டேன். என்னுடைய வாயிலிருந்துதான் வந்தது. "இந்த மனிசன் வராட்டி?"

கேட்டுவிட்டேன் மச்சாள்! வாயை மூடிக்கொண்டேன். வீடு இடிந்து விழவில்லை. செம்பை வைத்துவிட்டு நேரே தோட்டத்துக்கு நடந்தேன். அவர் வாய்க்காலில் காலை விட்டபடி இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, மூச்சு வாங்கக் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, அது கான்சர் எண்டால் என்ன செய்வம்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். கண் கலங்கிச் சிரித்தார். "அப்பாடா! கடைசியிலை ஒராள் கேட்டிட்டீர்" என்றார். "நான் அந்தச் சொல்லை விழுங்கி விழுங்கித்தான் தொண்டை இன்னும் அடைச்சுப்போச்சு."

வாய்க்கால் வரம்பில் இருந்து எல்லாவற்றையும் கதைத்தோம். மருந்து ஏற்றவேண்டி வந்தால் யாரைக் கூட்டிக்கொண்டு போவது, தண்ணீர் இறைப்பது யார், மகளுக்கு எப்போது சொல்வது. "மயிர் கொட்டுமாம்" என்றார். "கொட்டுறதுக்கு அங்கை என்ன கிடக்கு?" என்றேன். பிறகு மெல்லக் கேட்டார்: "நான் செத்துப்போனால்?"

"அழுவன். ஊரே கேக்க அழுவன்" என்றேன். "பிறகு எழும்பி மாட்டுக்கு வைக்கல் போடுவன். அதுக்குத் தெரியுமே நீங்கள் செத்தது?" சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவரும் அழுதார். ஆனால் எவ்வளவோ நாளுக்குப் பிறகு என் நெஞ்சில் மூச்சு முழுதாக இறங்கியது.

"உயிர் கிடக்கட்டும், குரல் போனால்? திலகத்தின்ரை ஆட்டைக்கு ஆர் பதிகம் படிக்கிறது?" என்று கேட்டார்.

"நான் படிக்கிறன்."

"ஐயோ, அப்ப நான் சுகப்படத்தான் வேணும்" என்றார் உம்முடைய அண்ணை.

அன்றைக்கு இரண்டு பேரும் நன்றாக நித்திரை கொண்டோம். நாய் அங்கேயேதான் நின்றது. ஆனால் படலை திறந்திருந்தது. உம்முடைய ஆட்கள் கல்லு மனக்காரர் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அழவேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லைப் போல. நான்தான் நீர் சொன்னதைப் பாதியோடு நிறுத்திவிட்டுத் துப்பிக்கொண்டிருந்தேனோ? நீர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

முடிவு வந்தது. கான்சர் இல்லை! வைத்தியரை அதை இன்னொருதரம் சொல்லச் சொன்னேன். கட்டியை வெட்டி எடுத்தார்கள். ஆனால் பழைய குரல் முழுதாகத் திரும்புவது கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசல் கடையில் வடையும் பிளேன்ரீயும் வாங்கினோம். "குரல் போச்சு, வடை இறங்குது" என்று கிசுகிசுத்தார். நான் இன்னொரு வடை வாங்கிக் கொடுத்தேன்.

போன கிழமை உம்முடைய படத்துக்கு முன்னால் படைத்தோம். ஐயர் போனபிறகு, அவர் எழும்பி நின்று பதிகம் தொடங்கினார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் காற்றுத்தான் வந்தது. சனமெல்லாம் தலையைக் குனிந்துகொண்டது. அவர் குனியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். பேசி வைத்தபடி, "உம்மடை முறை" என்பதுபோல.

மச்சாள், நான் படித்தேன். நான்! சுருதி கிணற்றடியில், நான் வீட்டுப் பின்கோடிக்குள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார், ஒரு அடி பிசகவில்லை. கடைசி வரைக்கும் படித்து முடித்தேன். வெளியே காகத்துக்கு வைத்த சோற்றுக்கு அன்றைக்குக் காகங்கள் கூட்டமாக வந்தன. "உம்மடை சொந்தக்காரர் குரல் கேட்டு வந்திட்டினம்" என்று எனக்குச் சொன்னார் உம்முடைய அண்ணை. படையலுக்கு முன்னால் இருந்து அவ்வளவு சிரித்தோம்.

நாளைக்கு அவரைத் திரும்பக் காட்டக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நல்லது சொன்னாலும் சொல்வார்கள், சொல்லாமலும் விடுவார்கள். இன்றைக்குக் கொஞ்சம் கூடவே உலை வைத்தேன். மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடியிருக்கிறேன், உம்முடைய அந்தச் சட்டியில்தான். விடியச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு, இரண்டு பேரும் குடித்துவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். ஒரு வருடத்துக்குப் பிறகு இந்த வீட்டில் பழஞ்சோறு.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருடா வருடம் உம்முடைய திவசத்துக்குப் பதிகம் நான்தான் படிப்பேன். எனக்கு ஏலாட்டி அவர் தன்னுடைய கரகரத்த குரலில் படிப்பார். இரண்டு பேருக்கும் ஏலாட்டி? கேளும், நீர் கேட்பீர் என்று தெரியும். காகங்கள் இருக்கின்றன மச்சாள்.

போட்டு வாறன்.

உம்முடைய அண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு உமக்கும் வாய்த்த
மச்சாள் புவனம்
நீர்வேலி