கொடி விழுவதற்கு முன்

வெள்ளி

விடிந்ததிலிருந்து கணவாய்க் காற்று. பந்தல் தகரம் படபடவென்று. கண்ணெல்லாம் மண்.

பஞ்சாயத்துக் கால்நடை மேளா. இடம் பள்ளிக்கூட மைதானம். நான் ஒன்பதோடு நின்ற அதே பள்ளி. டீச்சர் யாராவது வந்துவிட்டால்? மாட்டுக்குப் பின்னாலேயே நின்றேன்.

எங்கள் பசு செவலையைச் சினைமாட்டுக் கொட்டகையில் கட்டினோம். ஈனுவது அடுத்த வாரம்தான் என்று அப்பா. செவலைக்கு அப்படித் தோன்றவில்லை. படுக்கிறது, எழுகிறது, வாலைத் தூக்குகிறது. கூடவே நானும் உட்கார்ந்து, எழுந்து.

கொட்டகைக்குக் காவல் வெட்னரி காலேஜ் பிள்ளைகள். இன்று ஜின்சி அக்கா. தொடுபுழைக்காரி. தமிழ் பாதி, மலையாளம் பாதி. என் பேர் கேட்டாள். வாய் எழவில்லை. அப்பாதான் சொன்னார்.

வாங்க வேண்டியது: தவிடு, அம்மாவுக்கு முதுகுத் தைலம், செருப்பு வார்.

சனி

ஈன்றுவிட்டது! கிடாரிக் கன்று.

முன்னங்கால் ஒன்று மடங்கி உள்ளேயே நின்றுவிட்டது. டாக்டர் அந்தக் கோடியில், கறவைப் போட்டியில். போன் எடுக்கவில்லை. அக்கா தோள் வரை கையுறை மாட்டினாள். "மோளே, வாலைப் பிடி. விடாதே." பிடித்தேன். அவள் உதட்டில் ஏதோ ஜெபம். சுற்றிலும் கூட்டம்.

"டாக்டரம்மாவுக்கே கை நடுங்குது, மாடு என்ன பண்ணுமுங்க?" என்று ஒருவர். சிரிப்பு. கால் நேராக வந்தது. மூக்கு. பிறகு ஒரே வழுக்கில் மொத்தமும். சிரித்தவரே கைதட்டினார்.

கன்று நோஞ்சான். தலை நிற்கவில்லை. சீம்பால் உடனே வேண்டும் என்றாள் அக்கா. அப்பா கன்றைத் தள்ளிக் கிடத்தினார்.

"நஞ்சுக்கொடி விழட்டுமுங்க. முந்திக் குடிச்சா கன்னுக்குக் கழியும், கொடியும் உள்ளயே நின்னுபோகும்."

"இல்ல சேட்டா, குடிச்சாலும் கொடி விழும். நேரம் போனா கன்னு போகும்."

"சரிங்க அம்மிணி, சரிங்க." சொல்லிக்கொண்டே டீக்கடைக்குப் போய்விட்டார். அப்பா யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார். சொன்னதைச் செய்யவும் மாட்டார்.

போன ஈத்துக் கன்றுக்கும் இதே பட்டினி. அப்புறம் கழிச்சல். சாக்கில் சுற்றி... வேண்டாம், எழுதவில்லை.

நிற்க முடியவில்லை. பந்தலைச் சுற்றினேன். செவலைக்குத் தண்ணீர் வைத்தேன், அதையே கொட்டி மறுபடி வைத்தேன். கன்று கண்ணை மூடிவிட்டது. அக்காவிடம் போய், "நான் பீச்சித் தந்தா நீங்க குடுப்பீங்களா?" அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு.

மஞ்சளாக, கெட்டியாக வந்தது. அக்கா பாட்டிலில் ஊற்றிப் புகட்டினாள். முதலில் வழியவிட்டது. அப்புறம் சத்தமாகச் சப்பியது.

அப்பா வந்துவிட்டார். கையில் டீ. "ஆரு பீச்சுனது?"

"ஞான்..." என்று அக்கா.

"நாந்தானுங்கப்பா."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அப்பா குடிக்காமலே டீயை மண்ணில் ஊற்றினார். அதுதான் பயம்.

சாயங்காலமாகியும் கொடி விழவில்லை. தொங்குகிறது. பக்கத்தில் எருமை கட்டியிருக்கும் கவுண்டர், "பாருங்க, உங்க புள்ள பண்ணுன வேலைய. ஒரு கல்லைக் கட்டித் தொங்க உடுங்க" என்றார். இழுத்தால் கர்ப்பப்பை கிழியும் என்று அக்கா குறுக்கே நின்றாள். செவலைக்கு ஏதாவது ஆனால் என்னால்தான்.

ஞாயிறு

காற்று நின்றிருக்கிறது. எழுந்து ஓடிப் பார்த்தேன். கொடி விழுந்திருக்கிறது! முழுசாக விழுந்ததா என்று அக்கா விரித்துப் பார்த்தாளாம். அப்பா அதை வைக்கோலில் பொதிந்து, ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தார். என்னிடம் பேச்சில்லை.

கன்று நிற்கிறது. கால் ஆடும் பெஞ்சு மாதிரி.

செருப்பு வார் வாங்கவில்லை.

பத்து மணிக்குக் கவுண்டரின் எருமையும் ஈன்றது. அவர் கன்றை இழுத்துத் தூரக் கட்டப் போனார். அக்கா சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா:

"ஏனுங்க, அத உடுங்க, குடிக்கட்டும். கொடி தானா விழும். எங்கூட்டுல எப்பவும் இப்படித்தானுங்க."

எப்பவுமாம்!

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் ஓடிவிட்டேன்.