நான் நிரப்பிய தாள்

6 பெப்ரவரி 2017, திங்கள்

நான் வேலை செய்யும் சுற்றுலா விடுதியில் இன்று வேலைக்குப் பதிலாகப் பரீட்சை. கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ் எங்கள் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்தார். அவரவர் குணத்தைக் கண்டுபிடிக்க அறுபது கேள்விகள். எல்லாம் ஆங்கிலத்தில். அறை துடைப்பவருக்கும் வள்ளம் ஓட்டுபவருக்கும் ஆங்கிலம் எதற்கு? கேட்டேன். "தெரிந்தவர்கள் உதவுங்கள்" என்றார். டொல்பின் பார்க்க வருபவர்களைக் கடலுக்குக் கொண்டுபோகும் பேதுரு அண்ணனின் தாள் என்னிடம் வந்தது. அவருக்கு இஞ்சினில் வேலை கிடந்தது. "நீயே போடு தம்பி. என்னை உனக்குத் தெரியுந்தானே" என்று போய்விட்டார். பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன்.

9 பெப்ரவரி

முடிவு வந்தது. மனிதருக்கு நான்கு நிறமாம். நான் சிவப்பு: அவசரக்காரன், எதையும் முகத்துக்கு நேரே சொல்பவன். உம்மா சிரித்தா. "இதுக்குக் கொழும்பில இருந்து ஆள் வரணுமா? என்னைக் கேட்டா சும்மாவே சொல்லியிருப்பேனே!"

பேதுரு அண்ணன் நீலம்: தனிமை விரும்பி, அந்நியரோடு பழகமாட்டார். ஐந்து வருஷம் வள்ளம் ஓட்டிய மனிதரைப் படுக்கை விரிப்பு துவைக்கப் போட்டுவிட்டார்கள். வள்ளத்துக்கு இனி எங்களோடு வேலை செய்யும் ரிஃபாஸ். அவன் நன்றாகக் கதைப்பான்.

11 பெப்ரவரி

மெனேஜர் ஜபாரோடு சண்டை பிடித்தேன். "மனிசருக்குச் சாயம் பூசிப் பிரிக்க நீங்க ஆரு சேர்?" அவர் கோபப்படவில்லை. தாளை எடுத்து மேசையில் வைத்தார். "இது அவர்ட பதில்தானே ஹுனைஸ்? நாங்களா எழுதினோம்?"

நான் எழுதினேன்.

12 பெப்ரவரி

'புதியவர்களைச் சந்திப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சியா?' — இல்லை என்று போட்டேன். அவரிடம் கேட்கவேயில்லை. ஏன்? தேநீர் நேரத்தில் பேசாமல் இருப்பவருக்குள் சொல்ல ஒன்றுமில்லை என்று நானே முடிவுகட்டியிருந்தேன். வாப்பா மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்து இருபத்தாறு வருஷம். இன்னும் எங்களை 'அகதி ஆக்கள்' என்று ஒரே சொல்லில் முடிக்கிறவர்களோடு பள்ளிக்கூடம் முழுக்க அடிபட்டவன் நான். இப்ப நான் ஆரு? சீ.

14 பெப்ரவரி

துவைக்கும் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விரிப்பை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"புதுத் தாள் ஒண்டு எடுத்து, ஆக்களோட பழகுறவர் மாதிரியே நிரப்பித் தாறன். வள்ளம் திரும்பக் கிடைக்கும்" என்றேன்.

"அதுவும் நான் இல்லையே தம்பி."

பிறகு, "நீ வாசி. நானே சொல்றன்."

15 பெப்ரவரி

ஜபார் சேரிடம் உண்மையைச் சொன்னேன். என்னை வரவேற்பு மேசைக்கு உயர்த்துவதாக இருந்தது. அது போச்சு. புதுத் தாள் மட்டும் தந்தார்.

அறுபது கேள்விக்கும் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. புதியவர்களைச் சந்திக்க மகிழ்ச்சியா? "ஓம். பாக்க விருப்பம். கதைக்கத்தான் வராது." இதற்கு எந்தப் பெட்டியில் அடையாளம் போடுவது? ஒரு ஜேர்மன் கிழவி வருஷாவருஷம் அவருடைய வள்ளத்தையே கேட்டு வருவாவாம்.

"ரெண்டு வருஷம் ஒண்டா வேலை செய்யிறம். எனக்கு இது தெரியாதே" என்றேன்.

"நீ எங்க கேட்டாய்? நீதானே எப்பவும் கதைப்பாய்."

20 பெப்ரவரி

திரும்பவும் நீலம்.

21 பெப்ரவரி

"நீலமெண்டா வள்ளம் ஓட்ட ஏலாதா சேர்? இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு அவர் சும்மா இருக்கிறதாலதான் டொல்பின் கிட்ட வருது!"

"வாறவங்களுக்குக் கதைக்கிற ஆள் வேணும். மேலிடத்து முடிவு."

கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

2 மார்ச்

பேதுரு அண்ணன் வேலையை விட்டுவிட்டார். எனக்குக்கூடச் சொல்லவில்லை. என்னோடு கோபமா? முன்பென்றால் 'ஓம், கோபம்' என்று எழுதி முடித்திருப்பேன். தெரியவில்லை.

10 மார்ச், வெள்ளி

லீவு. காலையிலேயே கண்டக்குழிக் கரைக்குப் போனேன். பேதுரு அண்ணன் இப்போது தன் தமையன் பஸ்தியானின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறார். வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க பஸ்ஸிலேயே ஏழெட்டு வசனம் யோசித்து வைத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் வலையின் மற்றப் பக்கத்தை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்து நானும் கழற்றினேன். ஒரு முள் விரலில் ஏறியது. சிரித்தார். வசனங்களை விட்டுவிட்டேன். வெயில் ஏறும்வரை இருந்தோம்.

எழும்பும்போது கேட்டார். "வெள்ளி வெள்ளி லீவுதானே?"

"ஓம்."

இன்று நாங்கள் கதைத்தது அவ்வளவுதான்.