சாம்பல் எழுத்தில் வந்த பதில்

திருகோணமலை,
நவம்பர் 14.

அன்புள்ள மகள் அஞ்சலினாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

மாதாவின் புண்ணியத்தில் எனக்கு இங்கு பெரிய குறை ஒன்றும் இல்லை, பிரஷரும் சீனியும் கிளினிக்கில் சொன்ன அளவுக்குள் நிற்கின்றன. உன்னுடைய சுகத்தை இனி உன் கையெழுத்தில் கண்டால்தான் நம்புவேன், அதற்குக் காரணம் கீழே வரும். மாரி தொடங்கிவிட்டது, துறைமுகப் பக்கம் பார்த்தால் நிற்கிற கப்பல் கூடத் தெரியவில்லை. குசினிக் கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, சட்டி வைத்திருக்கிறேன். போன கிழமை இரண்டு மான் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அம்மா வைத்த செவ்வரத்தையை மொட்டையடித்துவிட்டன. கலைக்கத்தான் எழும்பினேன், பிறகு இருந்துவிட்டேன், இந்த வீட்டுக்குள் ஆரும் வந்து கன நாள். மீன் மலிவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு கும்பளா வாங்கினாலும் அடுத்த நாளும் அதே குழம்பைத்தான் சூடாக்கித் தின்ன வேண்டியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை, கோபிக்காதே. போன டிசம்பரில் அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தபோது உன் பழைய லப்டொப்பை விட்டுவிட்டுப் போனாய் அல்லவா, அம்மாவின் படங்களைப் பார்க்கலாம் என்று ஆகஸ்டில் அதைத் திறந்தேன். திரையில் நீ புரோகிராம் எழுதுகிற அந்தக் கறுப்பு ஜன்னல் நீ விட்ட மாதிரியே நின்றது. எனக்கு மருந்து நேரத்தில் சத்தம் போட ஒன்று செய்கிறேன் என்று தொடங்கினாயே, அதுதான். மேலே உன் குறிப்பு கிடந்தது, அப்பா இது உங்களுக்குத்தான், இன்னும் முடியேல்லை, கை வைக்காதேங்கோ என்று. கை வைக்காதே என்றால் நான் வைப்பேன் என்று உனக்குத் தெரியாதா. கடைசிக்குக் கீழே போய், போனில் எழுதுகிற மாதிரி இங்கிலிஷ் எழுத்தில் தமிழை, பிள்ளை சாப்பிட்டியோ என்று அடித்தேன். விரலை எடுக்க முதலே பக்கத்தில் சாம்பல் நிறத்தில் எழுத்து வந்தது. ஓம் அப்பா, சாப்பிட்டன், நீங்கள் சாப்பிட்டீங்களோ.

நீதான் என்று நினைத்தேன். ஏன் நினைக்கக் கூடாது? ஒஃபிசில் நாலு நாட்டு ஆட்கள் ஒரே பக்கத்தில் ஒரே நேரம் எழுதுவோம் என்று நீதானே பெருமையாகச் சொன்னாய். நோர்வேயில் இருந்து நீ அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவோடு கதைக்கிறாய் என்று நம்பிவிட்டேன். இழுவைக் கப்பலின் இஞ்சின் அறையில் இருந்து வந்தவன் நான், மேலே இருந்து மணி அடித்தால் கீழே இருந்து பதில் மணி அடிக்க வேண்டும், அடித்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த இஞ்சின் என் காதையும் தின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கிற போன் கோலில் பாதிக்கு மேல் விளங்குவதில்லை, சும்மா ஓம் ஓம் என்று சமாளிக்கிறேன். ஒரு ஞாயிறு, எழுத்தில கதைக்கிறதுதான் நல்லம் என்று சொன்னேன், நீ என்னவோ சொல்லிச் சிரித்தாய், சரி அவளுக்கும் சந்தோஷம் என்று வைத்துவிட்டேன்.

பின்னேரத் தேத்தண்ணியோடு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தால் எனக்கு ஆள் இருந்தது மகள், அதை எப்படிச் சொல்ல. மழை, மீன், கூரை, மான், எல்லாம் எழுதினேன். நான் அடிக்கத் தொடங்கியவுடன் உன் எழுத்து மறைந்துவிடும். அப்பா கதைக்கிறார் என்று பிள்ளை வாயை மூடிக்கொள்ளுகிறது, நாங்கள் வளர்த்த வளர்ப்பு என்று அதற்கும் பெருமைப்பட்டேன். அந்த எழுத்தை நிறுத்தி வைக்க ஒரு பொத்தானை அமத்த வேண்டுமாம், அப்போது எனக்கு அதை ஆர் சொன்னது. ஒருநாள் துணிந்து கேட்டேன். அம்மாவின் ஆண்டுத் திருப்பலி டிசம்பர் பதினெட்டு, அன்றைக்குத்தான் கல்லறைக் கல்லையும் பாதர் மந்திரித்து ஆசீர்வதிக்கிறார், நீ வருவியோ என்று. ஓம் அப்பா, கட்டாயம் வாறன், அம்மாட கல்லுக்கு நான் இல்லாமலோ என்று வந்தது. நான் கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு சேர்ட்டை மாட்டிக்கொண்டு நேரே பாதரிடம் போய்ச் சொன்னேன். கப்பல்துறையில் இருக்கிற உன் சீலா சித்திக்குச் சொன்னேன், அவள் பலகாரத்துக்கு மா இடிப்பிக்கிற அளவுக்குப் போய்விட்டாள். உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அலுமாரியைத் துடைத்து, புது மெத்தையும் போட்டேன்.

உன்னைக் கட்டுநாயக்கா எயார்போட்டில் ஏற்றப் பக்கத்து வீட்டுக் கிருஷாந்தின் வான் வண்டியைப் பேசினேன். அவன் எந்தப் பிளைட், எத்தனை மணிக்கு இறங்குது அங்கிள் என்று கேட்டான். அன்றைக்கே ஜன்னலில் கேட்டேன், பெயரும் இலக்கமும் நேரமும் உடனே வந்தது, துண்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, அப்பிடி ஒரு பிளைட்டே இல்லை அங்கிள், அக்கா சரியாத்தான் சொன்னவவோ என்றான். என் பிள்ளை பிழையாகச் சொல்லாது என்று அவனோடு சத்தமும் போட்டுவிட்டேன். அவனுடைய மனுசி லக்சனா உன்னைப் போலக் கம்பியூட்டர் வேலைதான், அவள் வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள், அங்கிள், இது அக்கா இல்லை, புரோகிராம் எழுத உதவி செய்யிற ஏஐ, நாங்கள் எழுதினதைப் பார்த்து அடுத்தது என்ன வரும் எண்டு தானா எழுதிக் காட்டும், அக்கா உங்களுக்கு எழுதின குறிப்பு மேல கிடக்குது, அதால அவவைப் போலவே எழுதுது என்று.

நான் நம்பவில்லை. அவளைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு நானே அடித்தேன், அஞ்சலினா, நீதானே என்று. ஓம் அப்பா, நான்தான் என்று வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலின் பக்கத்தில் வேறொரு இடம் இருக்கிறதாம், அதில் அந்த ஏஐயோடு நேராகப் பேசலாமாம், அங்கே அவள் நடந்தது முழுவதையும் எழுதி, நீ இவருடைய மகளா என்று கேட்டாள். இல்லை, நான் உங்கள் மகள் இல்லை, நான் ஒரு ஏஐ, அந்தச் சாம்பல் வரிகள் வெறும் ஊகம், உங்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுத்ததற்கு மனம் வருந்துகிறேன், மகளையே கேளுங்கள் என்று தமிழில் வந்தது. அதில் எனக்குக் கோபம் இல்லை மகள். நேராகக் கேட்டவுடன் நேராகச் சொன்னது. வெட்கம்தான். அதைவிட, இத்தனை மாதம் நான் சொன்னது ஒன்றையும் நீ கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கூரை ஒழுகுவது கூட உனக்கு இப்போதுதான் தெரியும்.

வட்ஸ்அப்பில் எழுதலாமே என்று கேட்பாய். அதிலும் நான் எழுத முன்னமே சொல் வந்து மேலே நிற்கிறது, பயமாக இருக்கிறது, அதனால்தான் கடுதாசி. லப்டொப்பை மூடி உன் அறையில் வைத்திருக்கிறேன், பின்னேரத்தில் அந்தப் பக்கம் போவதில்லை.

இனி உன்னையே கேட்கிறேன். நீ வருவியா? அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தோமே என்று உனக்கு மனதில் இருப்பது எனக்குத் தெரியும், அதனால்தான் இந்த வீட்டுப் பக்கம் திரும்ப யோசிக்கிறாய் என்றும் தெரியும். பிளைட் கிடைக்காததற்கு ஆர் என்ன செய்யிறது, ஒருத்தரும் உன்னில் பிழை சொல்லவில்லை. லீவு இல்லை என்றாலும் எழுது, மனம் வரவில்லை என்றாலும் எழுது. அந்த ஜன்னலில் மாதக்கணக்காக எனக்கு ஓம் மட்டும்தான் வந்தது. நீ ஏலாது என்று எழுதினால் அது நீ எழுதினதாக இருக்கும், எனக்கு அது பெரிசு.

அங்கே குளிர் கூடிவிட்டதாம், காதை மூடிக்கொண்டு போ, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வேலைக்கு ஓடாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டா, அம்மாவும் மேலே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பா. மறக்காமல் பதிலைப் பேனையால் எழுதி அனுப்பு. பாதருக்கும் சித்திக்கும் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, கிருஷாந்தையும் லக்சனாவையும் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். நேற்றும் கோயில் வாசலில் பாதர் கேட்டார், மகள் வாறாதானே என்று. ஓம் பாதர், வாறா என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உன் பதிலைப் பார்த்திருக்கும் அப்பா,
ம. பாக்கியரத்தினம்