அரைஞாண் கயிற்றை அறுத்த சிஸ்டரை வார்டுக்கே அனுப்பக் கோரி

அனுப்புநர்
மு. நாகஜோதி,
ஓவர்லாக் டெய்லர்,
பெருமாநல்லூர்.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு குழந்தைகள் மருத்துவமனை,
வேலன்புதூர்.

பொருள்: செவிலியர் திருமதி பழனாயி மீதான புகாரை முடித்துவைத்து, அவரை மீண்டும் அறுவைச் சிகிச்சை வார்டில் அமர்த்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதற்கண் நல்ல செய்தி. என் மகன் மாதவன் சென்ற வாரம் எல்லாக் குழந்தைகளையும் போல் மலம் கழித்தான். மனுவில் எழுதக் கூச்சமாக உள்ளது. ஆனாலும் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் அழுதோம், சிரித்தோம். போன உயிர் திரும்பி வந்தது.

2. குடலின் கடைசிப் பகுதியில் நரம்பில்லாமல் பிறந்தவன் அவன். தங்கள் மருத்துவர்கள் முதலில் குடலை வயிற்றின் வழியே வெளியே எடுத்து, மலம் பையில் சேரும்படி செய்தார்கள். அதைத் தொடவே பயந்தேன். என் கையைப் பிடித்துத் துடைக்கவும் பை ஒட்டவும் பழக்கியவர் சிஸ்டர் பழனாயி. பை கிடைக்காத நாளில் நான் தைக்கும் பனியன் கம்பெனியின் சாயத்துணி வெட்டுத்துண்டுகளை வைத்தேன், தோல் வெந்துவிட்டது. அவர் திட்டித் தீர்த்துவிட்டு, வெள்ளை பனியன் துணியை வெந்நீரில் அலசி வைக்கச் சொன்னார். புண் ஆறியது.

3. வழக்கப்படி முப்பதாம் நாள், குலதெய்வக் கோயிலிலிருந்து மாமனார் கொண்டுவந்த அரைஞாண் கயிற்றைக் கட்டினோம். அது குடல்வாயில் உரசி ரத்தம் கசிந்ததும் வார்டுக்குத் தூக்கி வந்தோம். சிஸ்டர் அதை அறுத்துவிட்டு, “சாமி கோவிச்சுக்காதுங்கய்யா, புண்ணுதான் கோவிச்சுக்குமுங்க” என்றார். மாமனாருக்கு வந்ததே கோபம்! அன்றே புகார் கொடுத்தார். சிஸ்டர் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றப்பட்டார்.

4. இப்போது அந்த வார்டில் சோமனூர்ப் பெண் ஒருத்தி, இதே குறையுள்ள குழந்தையைத் தொடப் பயந்து அழுதுகொண்டிருக்கிறாள். மாதவனின் குடலை உள்ளே இணைத்த இரண்டாவது அறுவைக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்தபோது பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போதவில்லை. சீட்டு கொடுக்க யாரும் பழகிக்கொள்ளலாம், ஐயா. இது அப்படியல்ல.

5. பேரன் தேறியதைப் பார்த்து மனம் மாறிய மாமனார் புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறார். சிஸ்டர் கையால்தான் கட்ட வேண்டுமாம். அதுவும் வார்டில் வைத்துத்தானாம், ஜன்னலில் அல்லவாம். அதுவரை பிள்ளை இடுப்பு வெறுமையாகவே இருக்கட்டும் என்கிறார்.

ஆகவே, அந்தத் தாயின் கையைப் பிடிக்க சிஸ்டரை விரைவில் அனுப்பிவைக்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: பெருமாநல்லூர்
நாள்: 12.11.2007

இங்ஙனம்,
மு. நாகஜோதி

புகாரைத் திரும்பப் பெறுகிறேன். சிஸ்டர் அறுத்தது சரி.
ராமர் (மாமனார்)