மீன் ஐஸில் திரண்ட வெண்ணெய்

சித்திரை, ஞாயிறு இரவு.

மாமல்லபுரத்தில் என்னைப்போல் தயிர் கடைய ஆளில்லை. அதை மருமகனிடமும் போனில் சொல்லித் தொலைத்தேன். இன்று மதியம் அவர் சாப்பிட வருவதற்குள் கையால் கடைந்த வெண்ணெய் வேண்டியிருந்தது. மத்தைப் பிடித்து ஆயிரம் சுற்றாவது சுற்றியிருப்பேன். வெயிலில் தயிர் சூடேறி வெறும் நுரைதான் வந்தது.

"மிக்சில போடுய்யா, மானம் போவப் போது" என்றாள் என் மனைவி சரோஜா.

நானா விடுவேன்? மீன் மார்க்கெட்டுக்கு ஓடி, ஒரு பழைய மீன் பெட்டி நிறைய ஐஸ் வாங்கி வந்தேன். அதற்குள் பானையை இறக்கிக் கடைந்தேன். பத்தே நிமிடத்தில் தேங்காய் அளவுக்குத் திரண்டது!

மருமகன் தோசையில் தடவி ஒரு வாய் வைத்தவர், மூக்கைச் சுருக்கினார். "இன்னா மாமா, வஞ்சிரம் வாசனை வருது?"

எனக்கு உயிரே போய்விட்டது. "கடலோரத்து மாடு மாப்ள. உப்புக் காத்துல மேயுது, அப்டித்தான் இருக்கும்" என்றேன்.

சரோஜா சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள்.

மருமகன் கிளம்பும்போது, "எங்க ஊரு படூர்ல இந்த மாதிரி எங்க கிடைக்குது? அம்மாவுக்கும் ஒரு டப்பா குடுங்க மாமா" என்றார். கொடுத்துவிட்டேன். சம்பந்தியம்மா மீன் குழம்பில் கெட்டிக்காரி, அந்த மூக்கை எப்படி ஏமாற்றுவதோ. போகட்டும். மருமகன் சாப்பிட்டது ஐந்து தோசை. நாளை டீக்கடையில் எட்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.