காலை ஏழு மணிக்கு உன் குரல்

லா சப்பல், பாரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தயாளினிக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். மொன்றியல் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். வாட்ஸப்பில் இரண்டு வரியில் முடிக்கலாமே என்பாய். தொலைபேசியில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், தாளில்தான் கொஞ்சம் வாய் வரும். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் பிடிக்கும், ஆறுதலாக வாசி.

செய்தி இதுதான். நான் பத்து வருடம் விளம்பரம் எழுதிக் கொடுத்த எங்கள் வானொலியை விற்றுவிட்டார்கள். வாங்கியது ஒரு ஜெபக்கூட்டம். விற்றவர் பாலச்சந்திரன் அண்ணை. போன ஆவணியில் தேர் வீதிக்கு வந்தபோது ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மொழியையும் சமயத்தையும் காப்பாற்றுங்கள் என்று எங்களிடம் கெஞ்சியவர், புரட்டாசியில் கையெழுத்து வைத்துவிட்டார். கடைசி நாள் ஒரு மணி நேரம் வானொலியில் அழுதழுது விடைபெற்றார், அழுகைக்கு நடுவில் நகைக்கடை விளம்பரமும் தவறாமல் போனது. தெருவில் கண்டு கேட்டால், "நான் விக்கேல்லை தங்கச்சி, கைமாத்தினனான்" என்கிறார். இப்போது லா கூர்னெவ்வில் கல்யாண மண்டபம் திறக்கும் அலுவலில் நிற்கிறார்.

முன்பு எட்டு மணிக்கு ஒரு சாத்திரியார் வந்து எல்லா ராசிக்கும் வெளிநாட்டுப் பயணம் உண்டு என்பார், வெளிநாட்டில் வந்து குந்தியிருக்கிற எங்களுக்கு. இப்போது அதே எட்டு மணிக்கு ஒரு போதகர் பரலோகப் பயணம் உண்டு என்கிறார். நாற்காலி அதுதான், ஆள்தான் வேறு. கடைக்காரர்கள் எல்லோரும் கொதித்துப்போய்த் தேநீர்க்கடை மேல்மாடியில் கூட்டம் போட்டார்கள். விளம்பரத்தை நிறுத்திவிட்டு முகநூலுக்குப் போய் ஐந்து வருடமான அதே ஆட்கள், வானொலி எங்கள் உயிர் என்று மாறிமாறிப் பேசினார்கள். பிரெஞ்சில் ஒரு கண்டனக் கடிதம் அனுப்புவதென்று தீர்மானமானது. யார் எழுதுவது என்றதும் எல்லோருக்கும் கடை ஞாபகம் வந்துவிட்டது. வடை நன்றாக இருந்தது.

உண்மையாகக் கோபப்பட்டவள், மாதா கோயிலுக்குப் போகும் பக்கத்து வீட்டு ஞானமலர் ஒருத்திதான். "உங்களுக்கென்ன அக்கா, பொதுவாத் திட்டுறாங்கள். எங்களை மாதாவைக் கும்பிட வேண்டாமெண்டெல்லோ சொல்லுறாங்கள்" என்று என் குசினியில் நின்று அழுதாள். அவளுக்கு வெங்காயம் உரிக்கக் கொடுத்துவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

இதில் உனக்கு என்ன என்று கேட்பாய். உனக்குத்தான் மகள். எல்லாவற்றையும் மாற்றினார்கள், நேரம் சொல்லும் குரலை மட்டும் மாற்றவில்லை. நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவள் நான், உச்சரிப்புச் சுத்தம் என்று நேரம் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்த தியரி கையைக் காட்டியதும் எனக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. ஒரு வாரமாக நான் வீட்டில் ஒத்திகை பார்த்ததைக் கேட்டே பாடமாக்கியிருந்த நீ, ஏழு வயதுப் பிள்ளை, காலை ஆட்டிக்கொண்டு எல்லா மணியையும் சொல்லி முடித்தாய். பதினேழு வருடமாக லா சப்பல் அந்தப் பதிவில் உன்னைக் கேட்டுத்தான் கடை திறக்கிறது. இப்போது "நேரம் காலை ஏழு மணி, வணக்கம்" என்று நீ சொல்ல, அடுத்த மூச்சில் ஜெபம் தொடங்குகிறது. ரயிலில் ஒரு மனுசி என்னிடம், எப்போது ஞானஸ்நானம் எடுத்தீர்கள், பிள்ளையும் சேர்ந்தோ என்று அன்பாக விசாரித்தாள். அப்பாவை ரெஸ்டோரண்ட் குசினியில் "பாஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை, சமைப்பவர் சாப்பிடாமல் இருப்பது கஷ்டம், அதனால் மூன்றாம் நாள் சாப்பிட்டார்.

வேறு வழியில்லாமல் நானே போனேன். புது நிர்வாகி றெமிஜியஸ் என்ற தம்பி, நல்ல மரியாதை. தேநீர் தந்தார். நான் கேட்க வந்ததைக் கேட்க அரை மணி நேரம் எடுத்தது, அதுவரை அவர் எனக்காக ஜெபித்தார். பிறகு உண்மையைச் சொன்னார்: "அந்தப் பிள்ளையின்ரை குரலை எடுத்தால், ஸ்டேசன் மாறிப்போச்செண்டு சனம் கண்டுபிடிச்சிடும் அக்கா." பொய் சொல்லத் தெரியாத மனிசன், இந்தத் தொழிலில் எத்தனை நாள் நிற்பாரோ தெரியாது. குரலுக்குச் சொந்தக்காரி கையெழுத்து வைத்து ஒரு கடிதம் தந்தால் அடுத்த நாளே எடுத்துவிடுவதாகவும், அம்மாவின் கையெழுத்து செல்லாது என்றும் சொன்னார். அந்தக் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்து. கையெழுத்து வைத்து அனுப்பிவிடு, அப்பா தலை நிமிர்ந்து வேலைக்குப் போகட்டும்.

வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே. போன வருடத்துச் சப்பாத்து ஓட்டையாகியிருக்கும், புதிது வாங்கு. எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லாச் சாமியும் உன்னைக் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் அப்பாவுக்குச் சொல்லவில்லை. தினமும் ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்க நான் வானொலியைப் போடுகிறேன். எதிரியைக் கண்காணிக்கிறேன் என்று அவர் நினைக்கிறார். நீ வணக்கம் சொன்னதும் நிறுத்திவிடுவேன், சில நாள் கை போகாமல் பாதி ஜெபம் ஓடிவிடும். நீ போனதிலிருந்து உன்னிடமிருந்து எனக்கு வரும் செய்தியெல்லாம் பிரெஞ்சில் மூன்று சொல்தான். இந்த வீட்டில் நீ தமிழ் பேசுவது அந்த ஒரு நேரம்தான். அதனால் கையெழுத்து வைக்கும் முன், இப்போதைய உன் குரலில், நேரம் காலை ஏழு மணி, வணக்கம் அம்மா என்று ஒருதரம் சொல்லி என் தொலைபேசிக்கு அனுப்பு. அது வந்த பிறகு அந்தக் கடிதத்தைத் தபாலில் போடு.

உன் அம்மா
தில்லைநாயகி