முப்பத்தொரு நார்

10-9-1979, திங்கள்

இன்று செண்பகத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள்: நாகலாபுரம் மாப்பிள்ளை காமராஜ், அவர் தகப்பனார், தாயார், தாய்மாமா, அத்தை, அத்தையின் கைக்குழந்தை, தரகர் சாமித்துரை அண்ணாச்சி. எங்கள் பக்கம் வீட்டுக்காரர், நான், செண்பகம், நாத்தனார் வேலுத்தாய். குழந்தையையும் சேர்த்துப் பதினொரு பேர்.

செய்து வைத்தது: கேசரி, உளுந்தவடை இருபத்திரண்டு, காபி. அவர்கள் எடுத்துக்கொண்டது: ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர். பேசி முடிக்காத வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று தாய்மாமா சொல்லிவிட்டார். முறைதான். நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் கீழே இறங்கியவர்கள் பஸ்ஸுக்குப் போகவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருவைக் கடந்து நேரே பெருமாள் விலாஸில் போய் உட்கார்ந்தார்கள். காலை பஸ்ஸில் வந்தவர்களுக்குப் பசி இருக்காதா? இருக்கும். கோவில்பட்டியில் எத்தனை சாப்பாட்டுக் கடை! எதிர்க்கடைதானா கிடைத்தது? கடைக்காரர் வன்னியபெருமாளின் மகன் பூவனநாதனே இலை போட்டான்.

கீழே எங்கள் சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மிஞ்சிய வடையைக் கடைக்கு இறக்கிவிட்டேன். இருபத்திரண்டும்.

11-9-1979, செவ்வாய்

பதில் இல்லை. செண்பகம் மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள்.

12-9-1979, புதன்

தரகர் அண்ணாச்சி வந்தார். வாசலிலேயே நின்றார். அதிலேயே தெரிந்துவிட்டது.

சாப்பிடும்போது தாய்மாமா பூவனநாதனிடம் கேட்டாராம், "எதிர்த்த வீட்டுப் பொண்ணு எப்படிடே?" என்று. அவன் குறை ஏதாவது சொல்லியிருந்தால் எதிர்க்கடைக்காரன் பொறாமை என்று விட்டிருப்பார்கள். அவனோ, "தங்கமான பொண்ணு. சிரிச்சா எடது கன்னத்துல மட்டும் குழி விழும்" என்றிருக்கிறான். தாய்மாமா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "குழி விழுதது ஒனக்கு எப்படிடே தெரியும்?" அதற்கு அந்தப் பிள்ளை, "இன்னும் ரெண்டு இட்லி வைக்கவா?" என்று கேட்டானாம்.

செண்பகத்தைக் கூப்பிட்டு நிறுத்தினேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லுகிறாள்: "அவியளுக்குப் பொய் சொல்ல வராதும்மா."

அவியளாம்! "ஏட்டி, எப்பத்திலருந்துட்டி அவன் ஒனக்கு அவிய?"

வீட்டுக்காரர் பின்னாலேயே நின்றிருக்கிறார். நான் பார்க்கவில்லை. அம்மன் படத்துக்கு நேரே திரும்பிச் சொன்னார்: "அந்தக் கடைச் சாப்பாட்டுல இனிமே என் கை என்னைக்கு நனையுதோ, அன்னைக்கு அவனுக்குப் பொண்ணத் தாரேன். செண்பகவல்லி மேல சத்தியம்."

சத்தியத்தை ஏன் அம்மன் மேல் போட வேண்டும்? தன் தலையில் அடித்துச் சொன்னால் போதாதா? இனி நான் என்ன பேச முடியும்?

13-9-1979, வியாழன்

நான்கு நாளைக்கு ஒரு முறைதான் தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. இரண்டு கடைக்கும் அந்த ஒரே குழாய். இன்று எங்கள் குடம் எட்டையும் தானே பிடித்து நிறைத்த பிறகே பூவனநாதன் தன் குடத்தை வைத்தான். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"ஏலே, எங்க குடத்த நீ எதுக்குலே பிடிக்க?"

"வரிசைப்படிதான் பிடிக்கேன், மாமா. ஒங்க குடம் முன்னால இருக்கு."

"மாமாவா? யாருக்கு யாருலே மாமா?"

"அப்ப அண்ணாச்சிங்கவா?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு குடத்தைத் தூக்கித் தரையில் கவிழ்த்தார். இந்தப் பஞ்சத்தில் ஒரு குடம் தண்ணீர்! எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

16-9-1979, ஞாயிறு

நாளை புரட்டாசி பிறக்கிறது. ஒரு மாதத்துக்குக் கல்யாணப் பேச்சு இல்லை. கொஞ்சம் மூச்சு விடலாம்.

பதினாறு வருஷத்துக்கு முன் ஒரே கடைதான். இவரும் வன்னியபெருமாள் அண்ணாச்சியும் கூட்டு. அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் இரண்டும். ஊர்க் கோயில் சுவாமி பெயரை அவர்கள் மகனுக்கும், அம்மன் பெயரை எங்கள் மகளுக்கும் வைத்தோம். அப்போது ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அர்ச்சனைக்கு நின்றால் ஐயர் இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சொல்லுகிறார். அவரை நான் நிறுத்தச் சொல்ல முடியுமா?

பிரிந்தபோது பெரியவர்கள் பாத்திரம் பண்டங்களைப் பங்கு வைத்தார்கள். தோசைக்கல் எங்களுக்கு. ஆட்டுரல் அவர்களுக்கு. அது என் மாமனார் வாங்கிப் போட்ட உரல். அன்றிலிருந்து எங்கள் தோசைக்கு ஊரே வருகிறது. இட்லி மட்டும் எந்த உரலில் ஆட்டினாலும் கல்லுதான். அவர்களுக்கு நேர்மாறு.

22-9-1979, சனி

புரட்டாசி முதல் சனி. வீடு கழுவினேன். கடைக்குப் பின்னால் சரக்கு அறையில் உளுந்து மூட்டையை நகர்த்தினால், பின்னால் வாழைநார். ஒவ்வொன்றும் மோதிரம் போல் சுருட்டி வைத்திருக்கிறது. எண்ணினேன். இருபத்தேழு.

நாங்கள் பொட்டலம் கட்டுவது நூலில். நாரில் கட்டுவது எதிர்க்கடை. ஒன்றை முகர்ந்து பார்த்தேன். தேங்காய்ச் சட்னி.

செண்பகத்தின் வேலை என்றே நினைத்தேன். கையில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, திருட்டு இட்லி திங்கியா?" என்றேன். சிரித்துவிட்டாள். அந்தக் கன்னக்குழி எனக்கே கோபத்தைக் குறைத்துவிடுகிறது, அந்தப் பையனை என்ன சொல்ல?

"நான் எங்க இட்லி திங்கேன்? எனக்கு லெட்டர்தான் வரும்."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். அப்புறம் எல்லாம் வந்தது. இரண்டு கடைச் சாமி படத்துக்கும் பூப் போடுகிற முத்துத்தாய்தான் தூது. கூடையில் மேலே பூ. நடுவில் கடிதம். அடியில் ஐயாவுக்கு இட்லி.

யாருக்கு? ஐயாவுக்கு! அவளைப் பெற்ற அப்பாவுக்கு!

"மூணு வருஷமா திங்காவம்மா. தெருவுல நாரைப் போட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு மூட்டைக்குப் பின்னால வைக்காவ. நான் அள்ளி அள்ளிப் போட்டதுபோக மிச்சம் இது."

"அன்னைக்குச் சத்தியம் பண்ணும்போது சொல்லியிருக்கலாமேட்டி?"

"தரகர் முன்னால ஐயா தலை குனியணுமா? அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம்."

பெற்ற பிள்ளைக்கு இருக்கிற அறிவு. இருபத்தேழையும் முந்தானையில் முடிந்து எடுத்து வந்துவிட்டேன். இதெல்லாம் சத்தியத்துக்கு முந்தியதா பிந்தியதா, எப்படித் தெரியும்? இன்று அந்த இடம் காலி. இனி வைப்பது மட்டும் கணக்கு.

அம்மா தாயே, இனிமேல் அவர் தின்னக் கூடாது என்று கும்பிடவா, தின்ன வேண்டும் என்று கும்பிடவா?

25-9-1979, செவ்வாய்

கோயிலில் நவராத்திரிக் கூட்டம். பெண்கள் வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றது வன்னியபெருமாள் அண்ணாச்சி வீட்டுக் கோமதியம்மாள். பதினாறு வருஷமாகப் பேச்சில்லை. அவள் அம்மனைப் பார்த்தே பேசினாள். நானும் அம்மனைப் பார்த்தே பதில் சொன்னேன்.

"மதினி, ஒங்க வீட்டுத் தோசை எங்க வீட்டுக்கு வருது. தெரியுமா?"

"தோசையா? இட்லிதான வருது?"

"அது இங்கனருந்து அங்க. நான் சொல்லுதது அங்கனருந்து இங்க. இவிய மாடியில கதவச் சாத்திக்கிட்டுத் திங்காவ. ஒங்க கடை நூலை நான் சுத்திச் சுத்தி வைக்கேன். இப்ப எலுமிச்சம்பழத் தண்டி இருக்கு."

"எத்தனை பொட்டலம்?"

"ஒங்கள மாதிரி எனக்கு எண்ணத் தெரியாது மதினி. எலுமிச்சம்பழம்னு வச்சுக்கிடுங்க."

அவர்கள் வீட்டுக்காரரும் அதே சத்தியம்தானாம். அந்தத் தோசையில் கை நனைந்தால் அந்தப் பெண்ணை மருமகளாக எடுப்பேன் என்று சூடத்தை அணைத்திருக்கிறார். "ஆம்பிளைய ரெண்டு பேரும் வாயாலயே கெட்டாவ. நாம என்ன செய்ய?" என்றாள்.

தீபாராதனை காட்டினார்கள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். திறந்தபோது அவள் இல்லை. என்ன செய்ய என்று சொல்ல எனக்குத் தெரிந்தால்தானே?

5-10-1979, வெள்ளி

தரகர் திரும்ப வந்தார். நாகலாபுரத்தார் ஊரெல்லாம் விசாரித்துவிட்டார்களாம். பெண் மேல் ஒரு சொல் இல்லை, எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஐப்பசி பிறந்ததும் வாக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

செண்பகம் அழவில்லை. எட்டுக் குடத்தையும் புளி போட்டுத் தேய்த்து வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். அதற்கு அவள் அழுதிருந்தாலே தேவலை.

மூட்டைக்குப் பின்னால் பார்த்தேன். மூன்று நார்.

8-10-1979, திங்கள்

நான்கு.

9-10-1979, செவ்வாய்

சொல்ல வேண்டும் என்று மூன்று முறை அவர் முன்னால் போய் நின்றேன். "என்னட்டி?" என்று கேட்டார். "உப்பு போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினவரை, "நீங்க பொய்ச் சத்தியம் பண்ணுனவிய" என்று எந்த வாயால் சொல்ல? சொல்லாவிட்டால் பிள்ளை நாகலாபுரம் போகிறது. அம்மன் மேல் போட்ட சத்தியமும் பாழாகிறது. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

12-10-1979, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலையில் முத்துத்தாய் உதிரிப்பூவாகக் கொண்டுவந்தாள். நார் இல்லை என்றாள். வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்கு மாலை இல்லாமல் எப்படி? அன்று முந்தானையில் முடிந்து வந்த நாரும், மூட்டைக்குப் பின்னால் இருந்ததும் ஞாபகம் வந்தது. இருபத்தேழும் நாலும் முப்பத்தொன்று. தண்ணீரில் ஊறப்போட்டு, ஒன்றோடு ஒன்று முடிந்து, பூக் கட்டினேன். வேண்டுமென்று செய்தேனா? அம்மனுக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் குளித்துவிட்டுத் திருநீறு பூச வந்தார். மாலையைப் பார்த்தார்.

"என்னட்டி, பூவை விட முடிச்சு அதிகமா இருக்கு?"

"துண்டு நார். முப்பத்தொண்ணு."

திருநீற்றுக் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

"சத்தியத்துக்குப் பொறவு?"

"எனக்குத் தெரிஞ்சு நாலு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அடுக்களைக்குள் போய்விடலாம் என்று திரும்பினேன். "நில்லுட்டி" என்றார். "அது எங்க ஐயா வாங்கிப்போட்ட உரல். அந்த மாவு வாயில பட்டா, ஐயா கையால சாப்பிட்ட மாதிரி இருக்கு. கேட்டு வாங்க வாய் வரல. திருடித் திங்க வந்துது."

செண்பகம் கதவோரம் நின்றிருந்தாள். அவளைப் பார்க்காமலே சொன்னார்: "நான் அந்தப் படி ஏற மாட்டேன். நீ எழுது. வன்னியபெருமாளும் தன் வாயால ஒத்துக்கிடட்டும். ஐப்பசி ஒண்ணாந்தேதி வரை பாப்பேன். பதில் இல்லன்னா நாகலாபுரத்துக்கு வாக்குக் குடுத்துருவேன்."

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அண்ணாச்சி ஒத்துக்கொள்வாரா? அவர் பிடிவாதம் இவரைவிட ஒரு படி கூட.

13-10-1979, சனி

பொட்டலம் சுற்றி வந்த பேப்பரைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். வெளியாருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல். தப்பு வராமல் இருக்க முதலில் இங்கே எழுதிப் பார்த்து, பிறகு நல்ல தாளில் எழுதினேன். முத்துத்தாயின் கூடையில் அடியில் வைக்காமல், பூவுக்கு மேலேயே வைத்து அனுப்பினேன்.

கோமதி மதினிக்கு ஆறுமுகத்தாய் எழுதிக்கொண்டது. செண்பகவல்லி அம்மன் துணை.

எங்கள் வீட்டில் நாரை எண்ணிப் பார்த்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார்கள். நீங்கள் சுற்றி வைத்திருக்கும் நூல்கண்டை அண்ணாச்சி கையில் கொடுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நானும் பேசவில்லை.

நீங்கள், அண்ணாச்சி, தம்பி பூவனநாதன், மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து கை நனைக்க வேண்டும். எங்கள் பக்கம் இவர்கள், நான், செண்பகம், நாத்தனார். மொத்தம் ஏழு பேர். தோசை நாங்கள் சுட்டு வைக்கிறோம். இட்லி உங்கள் உரலில் ஆட்டிக் கொண்டுவந்தால் இவர்கள் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பதினான்கு கொண்டுவந்தால் போதும்.

ஐப்பசி ஒன்று வருகிற வியாழக்கிழமை. அன்றைக்கு நாகலாபுரத்துக்கு ஒரு சொல் சொல்லியாக வேண்டும். வருவதானாலும் வராததானாலும் அதற்கு முன்னால், சீக்கிரம் பதில் எழுதி அனுப்பவும்.